‘நோ பிளேஸ்’ பலகை என்ன சொல்கிறது?

கேள்வி: கன்னியாகுமரியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். சீசனில் அறைகள் நிறைந்ததும் வாசலில் ஆங்கிலத்தில் ‘நோ பிளேஸ்’ என்று பலகை வைப்போம். குடும்பமாக வருகிறவர்களிடம் ‘நோ பிளேஸ் ஃபார் ஃபேமிலி’ என்று சொல்வோம். அது தவறு என்று ஒரு பயணி சொல்லிவிட்டுப் போனார். பிளேஸ் என்றால் இடம்தானே?

பதில்: பிளேஸ் என்றால் இடம்தான். ஆனால் நாம் இடம் என்று சொல்கிற எல்லாமே பிளேஸ் ஆகாது.

வடசேரியில் பஸ் ஏறி ‘இடம் இருக்கா?’ என்று கேட்டால் அது சீட். ‘தக்கலைப் பக்கம் பத்து சென்ட் இடம் வாங்கினேன்’ என்றால் அது நிலம், அதாவது லேண்ட் அல்லது பிளாட். பெட்டியில் துணி வைக்க இடமில்லை என்றால் அது ஸ்பேஸ். இத்தனைக்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் பிளேஸ் பெரும்பாலும் முட்டம், திற்பரப்பு மாதிரி ஒரு குறிப்பிட்ட ஊரை, பகுதியைத்தான் குறிக்கும். அகலமான தெருவைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து பிளேஸ் ஆனது. பிளாசாவும் அதே வேரில் பிறந்ததுதான்.

உங்கள் பலகையை விட, வாயால் சொல்கிற வாக்கியம்தான் எனக்குக் கவலை தருகிறது. ‘நோ பிளேஸ் ஃபார்’ என்று தொடங்கினால், ‘இது அவர்களுக்கு ஏற்ற இடமில்லை’ என்ற பொருள் வந்துவிடும். ‘நோ பிளேஸ் ஃபார் ஃபேமிலி’ என்று கேட்டவர், குடும்பத்தோடு தங்கத் தகாத இடம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். நல்ல முறையில் நடத்துகிற வீட்டுக்கு இப்படி ஒரு பெயர் வரக் கூடாது.

பலகையில் ‘நோ வேகன்சி’ என்று எழுதுங்கள். நேரில் கேட்டால் ‘சாரி, வி ஆர் ஃபுல் டுடே’ போதும். ‘நோ ரூம்ஸ்’ என்றாலும் சரிதான். அதில் கடைசி ‘ஸ்’ முக்கியம், ஏனென்றால் ‘ரூம்’ என்பதற்கு அறை, காலியிடம் என்று இரண்டு பொருளும் உண்டு. அப்புறம் கார் நிறுத்த இடமில்லை என்றால் ‘நோ பார்க்கிங் ஸ்பேஸ்’ என்று முழுதாக எழுதுங்கள். வெறும் ‘நோ பார்க்கிங்’ என்றால் இங்கே நிறுத்தாதே என்று தடுப்பதாகிவிடும்.

விருந்தினரோடு பேசும்போது ‘டேக் பிளேஸ்’ வரும். நடந்தது, நிகழ்ந்தது என்று பொருள். குளச்சல் போரைப் பற்றிச் சொன்னால் ‘தி பேட்டில் டுக் பிளேஸ் இன் 1741’. நம்மில் பலர் ‘வாஸ் டேக்கன் பிளேஸ்’ என்கிறோம், அது பிழை.

‘நேட்டிவ் பிளேஸ்’ நம் நாட்டு ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிய சொல். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டவரிடம் மட்டும் ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று கேளுங்கள், சட்டென்று புரியும். அவர்கள் உங்களிடம் ‘இஸ் திஸ் யுவர் பிளேஸ்?’ என்று கேட்டால், சொந்த ஊரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து நாகர்கோவில் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள். ‘இது உங்கள் வீடா?’ என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.