மறு: கடலோர வீட்டுக்கு எந்தச் சவரக்கத்தி?

வணக்கம். தூத்துக்குடியில் கடலோர வீடு, குளியலறைக்கு ஜன்னல் இல்லை, முதல் மடக்குச் சவரக்கத்தியை ஸ்டெயின்லெஸில் வாங்குவதா கார்பன் எஃகில் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். உப்புக்காற்றில் கார்பன் எஃகின் கூர்முனையில் ஒரே இரவில்கூடத் துரு பூத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளிகளை மறுநாள் உங்கள் கன்னம் கண்டுபிடித்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் சரியாகக் கூராகாது என்ற பேச்சை நம்பாதீர்கள். ஜெர்மனியின் ஜோலிங்கனில் செய்த பழைய ஃபிரியோடூர் கத்திகள் ஸ்டெயின்லெஸ்தான்; அருமையாக மழிக்கும். ஸ்டெயின்லெஸில் இருக்கும் குரோமியம் கார்பைடுகள் (குரோமியமும் கார்பனும் சேர்ந்த நுண்துகள்கள்) கடினமானவை என்பதால் கல்லில் தீட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். தீட்டுவதையே கற்றுக்கொள்ள ஆசை என்றால் மட்டும் கார்பனை யோசியுங்கள். கல்லுக்கு அது சட்டென்று இணங்கும்.

ஸ்டெயின்லெஸும் துருப்பிடிக்கும், மெதுவாக. அலகும் பிடியும் சேரும் ஆணிப்பக்கம் தண்ணீர் போகவே கூடாது. துரு அங்கேதான் ஒளிந்துகொள்ளும். சவரம் முடிந்ததும் முதுகுப்புறத்திலிருந்து கூர்ப்புறம் நோக்கித் துடைத்து, மடக்காமல், குளியலறைக்கு வெளியே காயவிடுங்கள். பிறகு அலமாரியில் வையுங்கள். தோலுறை மட்டும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.