தீப்பந்தம் ஏந்திய தாய்மார்: வாசகர் கேள்வி – பதில்

மணிப்பூர்ப் பெண்களின் அமைதிப் போராட்டங்களைப் பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளுள் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன்.

செய்திகளில் ‘மெய்ரா பைபி’ என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. இது ஒரு கட்சியா, தொண்டு நிறுவனமா?
– வாசகி, ராஜபாளையம்

இரண்டும் அல்ல. ‘தீப்பந்தம் ஏந்தும் பெண்கள்’ என்று பொருள்படும் இந்தப் பெயர், இம்பால் பள்ளத்தாக்கில் வாழும் மெய்தேய் சமூகத்தின் தெருக்களில் பிறந்தது. அங்கே ஒவ்வொரு குடியிருப்பையும் ‘லெய்காய்’ என்பார்கள். ஒரு லெய்காயில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் அனைவரும் அந்த லெய்காயின் மெய்ரா பைபிதான். தனியே விண்ணப்பித்துச் சேர வேண்டியதில்லை.

1970களில் ஆண்களின் குடியால் குடும்பங்கள் சீரழிந்தபோது, பெண்கள் அரிக்கேன் விளக்குகளுடன் இரவில் தெருவைச் சுற்றிவந்து குடிகாரர்களையும் சாராயம் விற்பவர்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். ‘நிஷா பந்த்’ என்று அழைக்கப்பட்ட அந்த மதுவிலக்குக் காவல்தான் இதற்கு வேர். 1980 செப்டம்பரில் மாநிலம் முழுவதும் ‘பதற்றம் நிறைந்த பகுதி’ என்று அறிவிக்கப்பட்டு ஆயுதப்படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் கிடைத்த பிறகு, இரவில் தெருவுக்குள் வந்த ஆபத்தின் உருவம் மாறியது. வீடு புகுந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போகும் படை வண்டிகளை எதிர்கொள்ள, விளக்கு ஏந்திய அதே பெண்கள் பந்தம் ஏந்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 29ஆம் நாளைத்தான் அவர்கள் தங்கள் இயக்கத்தின் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

அவர்கள் காவல் காக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தெருமுனையில் மூங்கிலும் தகரமும் கொண்டு ஒரு கொட்டகை போட்டிருப்பார்கள். பனேக் என்னும் இடுப்பாடையும் மேலே ஒரு சால்வையுமாக, முறைவைத்து, சில பெண்கள் இரவில் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். படை வண்டி நுழைந்ததும் ஒருத்தி கல்லை எடுத்து இரும்பு மின்கம்பத்தில் அடிப்பாள். அந்த ஓசை கேட்டு அடுத்த கம்பத்தில் இன்னொருத்தி அடிப்பாள். சில நிமிடங்களில் தெரு முழுக்கப் பெண்கள் பந்தங்களோடு திரண்டுவிடுவார்கள். யாரைத் தேடுகிறீர்கள், என்ன குற்றம், எந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் வராவிட்டால் வண்டியின் முன் உட்கார்ந்துகொள்வார்கள். பிடித்துச் செல்லப்பட்டவனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்வரை வாசலிலேயே காத்திருப்பார்கள்.

இந்தத் துணிவுக்கு ஒரு பரம்பரை உண்டு. ஆண்களைக் கட்டாய வேலைக்கு அனுப்ப ஆங்கிலேய அதிகாரி போட்ட ஆணையை 1904ஆம் ஆண்டிலேயே பெண்கள் எதிர்த்து முறியடித்தார்கள். 1939 டிசம்பர் 12 அன்று, நெல் ஏற்றுமதியால் அரிசிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, இம்பால் சந்தைப் பெண்கள் அரசவை அலுவலகத்தை முற்றுகையிட்டுத் துப்பாக்கி முனை ஈட்டிகளால் குத்துப்பட்டார்கள். இன்றும் இம்பாலின் ‘இமா கெய்தேல்’ என்னும் தாய்மார் சந்தையில் கடை வைப்பவர்கள் எல்லோரும் பெண்களே. கையில் சொந்த வருமானமும், நாள்தோறும் ஒன்றுகூட ஒரு பொது இடமும் இருப்பதால்தான் அவர்களால் ஓர் அறைகூவலுக்குத் திரள முடிகிறது என்பது என் கருத்து.

நாட்டைக் காக்கும் படைவீரர்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைப் பெண்கள் எதிர்ப்பது எப்படி நியாயம்? தீவிரவாதிகள் கையில் ஊரை ஒப்படைக்கச் சொல்கிறார்களா?
– முன்னாள் படைவீரர், வேலூர்

தங்கள் கேள்வியின் பின்னால் உள்ள உணர்வை மதிக்கிறேன். மணிப்பூரில் உயிர்விட்ட வீரர்கள் பலர். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தான். ஆனால் எதிர்ப்பு வீரர்களின் மீதானது அல்ல, சட்டத்தின் மீதானது. 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், ஒரு ஹவில்தார் நிலையில் உள்ளவருக்குக்கூட, சட்டம் ஒழுங்கைக் காக்கத் தேவை என்று அவருக்குத் தோன்றினால், எச்சரித்துவிட்டு உயிர் போகும்படி சுடும் அதிகாரத்தைத் தருகிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், வீட்டைச் சோதனையிடலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக 6ஆம் பிரிவு, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த வீரர் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது.

1997இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் கைதானவரைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நெறிகளைப் படைகள் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றும் அது சொன்னது. தெருவில் பந்தம் ஏந்தி நின்ற பெண்கள் கேட்டதும் பெரும்பாலும் அதைத்தான். தன் பிள்ளை குற்றவாளி என்றால் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள் என்று கேட்கும் தாயைத் தீவிரவாதத்துக்குத் துணைபோகிறவள் என்று சொல்வது தகாது.

2004இல் சில பெண்கள் ஆடையின்றிப் போராடினார்கள் என்று படித்தேன். பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக மானத்தையே இழப்பது முரண் அல்லவா?
– கல்லூரி மாணவி, திருச்சி

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 ஜூலை 10ஆம் தேதி இரவு, தங்ஜம் மனோரமா என்ற 32 வயதுப் பெண்ணை அசாம் ரைபிள்ஸ் வீரர்கள் அவருடைய வீட்டிலிருந்து கொண்டுசென்றார்கள். கைது செய்ததற்கான குறிப்பையும் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் குண்டுகள் துளைத்த அவர் உடல் சாலையோரம் கிடந்தது. அவர் தீவிரவாத அமைப்பைச் சேர்ந்தவர் என்றும் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார் என்றும் படைத்தரப்பு கூறியது; வன்புணர்வுக்கும் சித்திரவதைக்கும் ஆளாக்கிக் கொன்றுவிட்டார்கள் என்று குடும்பமும் ஊரும் குற்றம்சாட்டின. கைதுக்கு எழுத்தில் ஆதாரம் கேட்பதே மெய்ரா பைபியின் வழக்கமான தற்காப்பு. அந்தத் தாள் கையில் இருந்தும் அவர் உயிர் காப்பாற்றப்படவில்லை என்பது அவர்களை உலுக்கிவிட்டது.

ஜூலை 15 காலையில், அசாம் ரைபிள்ஸ் தங்கியிருந்த காங்லா கோட்டையின் மேற்கு வாயிலில் 12 பெண்கள் தங்கள் ஆடைகளைக் களைந்து நின்றார்கள். எல்லோரும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்மார். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வந்தவர்கள் பலர். ‘இந்திய ராணுவமே, எங்களையும் வன்புணர்வு செய்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பதாகையை அவர்கள் பிடித்திருந்தார்கள்.

அவர்கள் மானத்தை இழந்தார்கள் என்று நான் கருதவில்லை. பெண்ணின் உடலைக் காட்டி ஒரு சமூகத்தையே அச்சுறுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு முன்னால், அந்த உடலைக் குறித்த வெட்கம் இனி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி அன்று கோட்டைக்குள் இருந்தவர்களிடமும் தில்லியில் இருந்தவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே இம்பால் நகரின் 7 சட்டமன்றத் தொகுதிகளில் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பர் 20 அன்று பிரதமர் மன்மோகன் சிங் நேரில் வந்து காங்லா கோட்டையை மாநில அரசிடம் ஒப்படைத்தார். சட்டத்தை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி ஜீவன் ரெட்டி குழு, அதை நீக்கிவிடலாம் என்றே 2005இல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. மனோரமாவின் குடும்பத்துக்கு இடைக்கால நிவாரணமாக 10 லட்சம் ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2014 டிசம்பர் ஆகிவிட்டது. அவர் சாவுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இரோம் ஷர்மிளா 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்தும் தேர்தலில் 90 வாக்குகள்தான் பெற்றார். மக்களுக்கே அக்கறை இல்லாத போராட்டம் எதற்கு?
– வாசகர், தேனி

அந்த எண்ணை வைத்து அவருடைய போராட்டத்தை அளப்பது சரியாகாது. 2000 நவம்பர் 2 அன்று மாலோம் என்ற ஊரின் பேருந்து நிறுத்தத்தில் 10 பொதுமக்கள் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி அடுத்த சில நாள்களில் ஷர்மிளா தொடங்கிய உண்ணாவிரதம் 2016 ஆகஸ்ட் 9 வரை நீடித்தது. தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டு, மூக்கில் குழாய் வைத்து உணவைச் செலுத்தி, மருத்துவமனை அறையையே சிறையாக்கி, ஆண்டு முடிந்ததும் விடுவித்து மறுபடியும் கைது செய்தார்கள். அவருக்கு ஆதரவாக மெய்ரா பைபி பெண்கள் 2008 டிசம்பரிலிருந்து தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. உள்ளங்கையில் விட்ட தேனை நாவில் வைத்து, அழுதபடியே அவர் நோன்பை முடித்த நாளில், அவரைத் தங்கவைக்க இம்பாலில் ஒரு வீடு கிடைக்கவில்லை; மீண்டும் அந்த மருத்துவமனைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. தியாகச் சின்னமாக அவரை வணங்கியவர்கள், மணம் புரிந்து வாழ விரும்பும் ஒரு பெண்ணாக ஏற்கத் தயங்கினார்கள். 2017 ஆகஸ்டில் அவருடைய திருமணம் நடந்தது தங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலுள்ள கொடைக்கானலில்தான்.

2023 கலவரத்தில் இதே பெண்கள் ஆயுதக் குழுவினரை ராணுவத்திடமிருந்து மீட்டார்களே? இனியும் இதை அமைதி இயக்கம் என்று எழுதுவீர்களா?
– ஆசிரியர், கோயம்புத்தூர்

மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. 2023 மே 3 அன்று மெய்தேய்களுக்கும் மலைப்பகுதியில் வாழும் குக்கி–சோ பழங்குடி மக்களுக்கும் இடையே மூண்ட வன்முறையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தார்கள். அந்த ஜூன் மாதம் இதாம் என்ற கிராமத்தில், பிடிபட்ட ஆயுதக்குழுவினர் 12 பேரைப் பெண்கள் தலைமையிலான பெருங்கூட்டம் ராணுவத்தைச் சூழ்ந்து நின்று விடுவிக்கச் செய்தது. குக்கிப் பெண்கள் இருவரை ஆடையின்றி ஊர்வலமாக இழுத்துச்சென்ற காணொளி ஜூலையில் வெளியானபோது நாடே தலைகுனிந்தது. குக்கிப் பெண்களை வன்முறைக் கும்பல்களிடம் ஒப்படைத்ததில் மெய்ரா பைபியினர் சிலருக்குப் பங்குண்டு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தங்கள் சமூகத்தைக் காக்கவே நின்றோம் என்பது அவர்களின் விளக்கம். மலைப்பகுதியில் குக்கிப் பெண்களும் தங்கள் ஊர்களுக்காகச் சாலைகளை மறித்தார்கள்.

மனோரமாவுக்காக நின்ற பெண்களின் பெயரைத் தாங்கிய இயக்கம், மலையிலிருந்து வந்த பெண்ணின் துயரத்துக்கு முன் அதே கோபத்தைக் காட்டவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தச் செயல்களை அமைதிப் பணி என்று எழுத மாட்டேன். லெய்காய்தான் அவர்களுடைய பலம். அவர்களின் பார்வைக்கு எல்லையாக நின்றதும் அதுவே. தன் தெருப் பிள்ளையைக் காக்கத் திரளும் அமைப்பு, அடுத்த இனத்தின் பிள்ளையையும் காக்கத் தனியாக ஒரு முயற்சி எடுத்தாக வேண்டும். அந்த முயற்சி போதுமான அளவு நடக்கவில்லை. ஆயினும் 1980 முதல் அவர்கள் செய்ததை இதைக் காட்டி அழித்துவிடவும் முடியாது.

அதே வட்டாரத்தில் வேறு வழிகளும் உண்டு. தாங்குல் நாகர்களிடம், ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைப் ‘புக்ரெய்லா’ என்பார்கள். இரண்டு ஊர்களும் போரிடும்போது நடுவே சென்று பேசும் உரிமை அவளுக்கு உண்டு, அவளைத் தொடக்கூடாது என்பது வழக்கம். 1984இல் கொஹிமாவில் தோன்றிய நாகா தாய்மார் சங்கம், ‘இனியும் இரத்தம் சிந்தாதீர்’ என்ற முழக்கத்தை 1994இல் எழுப்பி, ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த ஆயுதக் குழுக்களிடம் நேரில் சென்று பேசியது. அரசுப் படையிடம் கேட்ட அதே கேள்வியைத் தங்கள் இனத்தின் துப்பாக்கிகளிடமும் அவர்கள் கேட்டார்கள்.

இவ்வளவு போராடியும் நீதிமன்றத்தில் ஏதாவது பலன் கிடைத்ததா?
– வழக்கறிஞர், புதுச்சேரி

கிடைத்தது, அதைப் பெற்றுத் தந்தவர்கள் பெரும்பாலும் கைம்பெண்கள். போலி மோதல்களில் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் 2009இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். கணவனைப் பறிகொடுத்து, ‘தீவிரவாதியின் மனைவி’ என்ற பெயரையும் சுமந்துகொண்டிருந்த இளம்பெண்கள் வீடு வீடாகச் சென்று, மனித உரிமை அமைப்பு ஒன்றின் துணையோடு விவரம் திரட்டினார்கள். 1979 முதல் 2012 வரை நடந்த 1,528 கொலைகளின் பட்டியலோடு உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிமன்றம் அமைத்த சந்தோஷ் ஹெக்டே குழு, மாதிரிக்கு எடுத்துக்கொண்ட 6 வழக்குகளில் ஒன்றுகூட உண்மையான மோதல் அல்ல என்று கண்டறிந்தது. சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையில் உள்ள பகுதியிலும் படையினருக்கு முழு விலக்கு கிடையாது என்று 2016 ஜூலை 8 அன்று நீதிபதிகள் மதன் லோகுரும் யு.யு. லலித்தும் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவாயிற்று. தங்கள் மீது வழக்குப் பதிவதை எதிர்த்து நூற்றுக்கணக்கான படையினர் சேர்ந்து தொடுத்த மனுக்கள் 2018 நவம்பரில் தள்ளுபடியாயின.

குற்றப்பத்திரிகையைத் தாண்டி வழக்கு நகர வேண்டுமானால் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி மத்திய அரசு அனுமதி தர வேண்டும். வழக்கறிஞரான தாங்களும் தங்களைப் போன்றோரும் கேள்வி எழுப்ப வேண்டிய இடம் அந்த அனுமதிதான்.