விளையும் பயிர் முளையில் தெரியுமா? (பேஸ்பால் கேள்வி பதில்)

மேஜர் லீக் பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸின் மைனர் லீக் வீரர்களை, அதாவது அதன் கிளை அணிகளில் வளரும் வீரர்களைப் பற்றி மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு மைனர் லீக் என்பது நம் ரஞ்சிக் கோப்பையைப் போன்றது என்று தோன்றுகிறது. இது சரியா?
(வாசகர், எல்லிகாட் சிட்டி)

பதில்: பாதிதான் சரி. ரஞ்சி அணி ஒரு மாநிலச் சங்கத்துக்குச் சொந்தமானது. தன் கோப்பைக்காகத் தானே ஆடுகிறது. தேசியத் தேர்வாளர்கள் வெளியே இருந்து அதைப் பார்க்கிறார்கள். மைனர் லீக் கிளை அணியிலோ வீரர்கள், பயிற்சியாளர்கள், மேலாளர் ஆகிய அனைவருமே தாய் அணியிடம் சம்பளம் வாங்குபவர்கள். மைதானமும் டிக்கெட்டும் தின்பண்டக் கடையும்தான் பொதுவாக உள்ளூர் உரிமையாளரின் பொறுப்பு. ஆகவே தொடரின் நடுவில் மிகச் சிறந்த மட்டையாளரைத் தாய் அணி மேலே அழைத்துக்கொண்டாலும் கிளை அணி வாய் திறக்க முடியாது.

2021இல் நடந்த சீரமைப்புக்குப் பிறகு மேஜர் லீகின் முப்பது அணிகளுக்கும் தலா நான்கு என்ற கணக்கில் 120 கிளை அணிகள் உள்ளன. ஓரியோல்ஸுக்கு 2023இல் இருந்த ஏணி இது: சாலிஸ்பரி நகரத்து டெல்மார்வா (சிங்கிள் ஏ), அபர்டீன் (ஹை ஏ), போவி (டபுள் ஏ), உச்சியில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் (ட்ரிபிள் ஏ). இவற்றுக்கும் கீழே ஃபுளோரிடா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் தொடக்க நிலை அணிகள் இயங்குகின்றன. 2022 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு) நாட்டிலேயே முதல் வீரராகத் தேர்வான ஜாக்சன் ஹாலிடே, மறு ஆண்டு தம் 19 வயதில் இந்த நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் ஏறினார். அதே ஆண்டு நார்ஃபோக் அணி ட்ரிபிள் ஏ பட்டத்தையும் வென்றது. ஆனால் ஓரியோல்ஸ் ரசிகர்கள் இன்று பேசுவது அந்தப் பட்டத்தைப் பற்றியன்று, அங்கிருந்து யார் யார் மேலே வந்தார்கள் என்பதைப் பற்றித்தான். ரஞ்சி ரசிகரின் பழக்கத்தில் புள்ளிப் பட்டியலைத் தேடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: என் மகன் கிளை அணி வீரர்களின் பேட்டிங் சராசரியை நாள்தோறும் எழுதி வைக்கிறான். வளரும் வீரர் ஒருவரை மதிப்பிட எந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்?
(வாசகி, கொலம்பியா)

பதில்: பேட்டிங் சராசரியை முதலில் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டிய எண் ஸ்கோர் அட்டையிலேயே இராது: வீரரின் வயது. டபுள் ஏ மட்டத்தில் ஆடுவோர் பெரும்பாலும் 23, 24 வயதை ஒட்டியவர்கள். அங்கே 20 வயது வீரர் .260 (நூறு முயற்சிக்கு 26 ஹிட், அதாவது பாதுகாப்பாகத் தளம் சேரும் அடி) அடிப்பதும் 26 வயது வீரர் .310 அடிப்பதும் ஒப்பிடத்தக்கவை அல்ல. முதலாமவருக்கு வளர இன்னும் இடம் இருக்கிறது, இரண்டாமவரோ தம்மைவிட அனுபவம் குறைந்த பந்து வீச்சாளர்களை எதிர்கொண்டு அந்த எண்ணை எட்டியிருக்கிறார்.

இரண்டாவதாக, ஸ்ட்ரைக் அவுட்டுகளையும் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி ஆட்டமிழத்தல்) 'வாக்' (walk: நான்கு தவறான பந்துகளுக்கு இலவசமாக முதல் தளம் போதல்) எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடித்த பந்து தடுப்பாளர் கையில் சேருமா, இடைவெளியில் விழுமா என்பதில் ஒரு மாதம், இரண்டு மாதம் அதிர்ஷ்டமே ஆட்சி செய்யலாம். எந்தப் பந்தை அடிப்பது, எதை விட்டுவிடுவது என்ற தெளிவு அப்படி அதிர்ஷ்டத்தால் வந்து போவதில்லை. அது மேலே போகும்போதும் வீரரோடு கூடவே போகிறது. கன்னர் ஹென்டர்சன் இதற்கு நல்ல சான்று. 2019 டிராஃப்டில் அலபாமாவின் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டாம் சுற்றில் வந்த அவர், 2022 பருவத்தைப் போவியில் தொடங்கியபோது ஸ்ட்ரைக் அவுட்டுகளைவிட 'வாக்' வாய்ப்புகளை அதிகமாகப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 20. அந்த ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் ஓரியோல்ஸுக்காக அறிமுகமானார். அடுத்த ஆண்டு அமெரிக்கன் லீகின் (மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்று) சிறந்த புதுமுக வீரர் விருதை ஒருமனதாகப் பெற்றார்.

மைதானமும் கணக்கில் வர வேண்டும். ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள ஆல்புகெர்க்கியில் மெல்லிய காற்றில் எல்லைக்கு வெளியே போய் விழும் பந்து, கடல் மட்டத்திலுள்ள நார்ஃபோக்கில் எளிய கேட்ச் ஆகிவிடக்கூடும். ஆல்புகெர்க்கி ஆடும் பசிபிக் கோஸ்ட் லீகில் ஒருவர் குவிக்கும் ஹோம் ரன்களைக் கண்டு மயங்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: இவ்வளவு புகழப்பட்ட ஹாலிடே 2024 ஏப்ரலில் வந்து பத்தே ஆட்டங்களில் திருப்பி அனுப்பப்பட்டாரே! நிபுணர்கள் ஏமாந்துவிட்டார்களா?
(வாசகர், பெதஸ்டா)

பதில்: அந்தப் பத்து ஆட்டங்களில் அவர் 34 முறை மட்டை பிடித்து இரண்டே ஹிட்டுகள் பெற்றார், சராசரி .059, ஸ்ட்ரைக் அவுட் 18. இப்படி ஒரு தொடக்கத்தைப் பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த அணியின் அண்மைக் கால வரலாற்றிலேயே இதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. கோல்ட்டன் கௌசர் 2023இல் முதன்முதலாக வந்தபோது 26 ஆட்டங்களில் அவர் சராசரி .115, அடுத்த ஆண்டு 24 ஹோம் ரன்கள் அடித்துச் சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார். பந்து வீச்சாளர் கிரேசன் ராட்ரிகஸ் 2023இன் முதல் இரண்டு மாதங்களில் துவைத்தெடுக்கப்பட்டு நார்ஃபோக்குக்குத் திரும்பினார். ஜூலையில் மீண்டு வந்த பிறகு அணியின் நம்பகமான வீச்சாளர்களில் ஒருவரானார். வெளியே பார்த்தாலும், நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 2016இல் .179 அடித்தவர், மறு ஆண்டு அவர் அடித்தது 52 ஹோம் ரன்கள்.

காரணம் விளங்காததன்று. ட்ரிபிள் ஏ மட்டத்தில் வேகமாக வீசத் தெரிந்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த வேகத்தோடு நினைத்த மூலையில் பந்தை வைக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மேஜர் லீகில் இருக்கிறார்கள். புது மட்டையாளர் எந்த உயரத்துப் பந்தில் தடுமாறுகிறார் என்பது காணொளி வழியாகச் சில நாள்களிலேயே எல்லா அணிகளுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவருக்கு அந்தப் பந்துதான் மீண்டும் மீண்டும் வரும். அதற்கு விடை காண்பதை 40,000 பேர் முன்னிலையில் செய்வதைவிட நார்ஃபோக்கில் செய்வது எளிது. எனவே ஹாலிடே திருப்பி அனுப்பப்பட்டதைத் தண்டனையாக நான் கருதவில்லை. ஜூலை 31 அன்று அவர் திரும்பி வந்து, அதே ஆட்டத்தில் டொரன்டோவுக்கு எதிராக மூன்று தளங்களும் நிரம்பியிருக்கையில் ஹோம் ரன் அடித்தார். அதனால் எல்லாம் சரியாகிவிடவுமில்லை: அந்தப் பருவம் முழுவதற்குமான அவர் சராசரி .189 மட்டுமே.

கேள்வி: தயாராகிவிட்ட வீரரையும் வேண்டுமென்றே கீழே வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், ரிச்மண்ட்)

பதில்: நடந்திருக்கிறது. ஏறக்குறைய 187 நாள் நீளும் பருவத்தில் 172 நாள்கள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஒரு முழு ஆண்டுச் சேவை என்று கணக்கு. அப்படி ஆறு ஆண்டுகள் சேர்ந்த பிறகே வீரர் விரும்பிய அணிக்குப் போக முடியும். சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் 2015இன் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன்கள் அடித்தும் ஏப்ரல் 17 வரை அழைக்கப்படவில்லை. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் இருந்தவை 171 நாள்கள். அந்த ஒரே நாளால் அணிக்கு அவருடைய சேவை மேலும் ஓர் ஆண்டு கிடைத்தது. அவர் தொடுத்த முறையீடு 2020இல் நிராகரிக்கப்பட்டது.

வீரர் சங்கத்துடனான 2022 ஒப்பந்தம் இதை ஓரளவு மாற்றியது. தாமதமாக வந்தாலும் சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவருக்கு முழு ஆண்டுச் சேவை தரப்படுகிறது. 2022 மே மாதம் வந்த கேட்சர் ஆட்லி ரட்ஷ்மன் இரண்டாம் இடம் பெற்று அப்பயனை அடைந்தார். மறுபுறம், உயர்ந்த தரவரிசையிலுள்ள இளைஞரைத் தொடக்கத்திலிருந்தே ஆட வைத்து அவர் அவ்விருதை வென்றால், அணிக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் வாய்ப்பு உண்டு. ஹென்டர்சன் வழியாக ஓரியோல்ஸ் அதையும் பெற்றது.

கேள்வி: டிராஃப்டில் முதல் இடத்தில் தேர்வானால் மேஜர் லீக் உறுதிதானே?
(வாசகி, அலெக்சாண்ட்ரியா)

பதில்: இல்லை. 1991இல் யாங்கீஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்து முதல் வீரராக எடுத்த பிரையன் டெய்லர், ஒரு கைகலப்பில் தோள் காயம்பட்டு, மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமல் ஓய்ந்தார். 1988இல் 62ஆம் சுற்றில் எடுக்கப்பட்ட மைக் பியாட்சாவோ புகழரங்கத்தில் இடம்பெற்றிருக்கிறார்.

கேள்வி: நாட்டிலேயே சிறந்த இளம் வீரர்கள் ஓரியோல்ஸிடம் இருந்தார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டோம். கோப்பை எங்கே?
(வாசகர், டவ்சன்)

பதில்: கோபம் நியாயமானது. 2018இல் 115 தோல்விகள். அந்த ஆண்டு இறுதியில் நிர்வாகப் பொறுப்பேற்ற மைக் இலையஸ் அணியை அடியோடு கலைத்துக் கட்டினார். 2019இல் 108, 2021இல் 110 தோல்விகளை ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பலனும் வந்தது: 2023இல் 101 வெற்றிகள். ஆனால் பருவத்துக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றுகளில் அந்த ஆண்டு டெக்சஸிடம் மூன்று ஆட்டங்களிலும், 2024இல் கன்சாஸ் சிட்டியிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. 2025இலோ 75 வெற்றிகளுடன் பிரிவின் கடைசி இடத்துக்கே போய்விட்டது.

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. எனினும் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. 2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டுகளிலும் அணியின் முதல் தேர்வு மட்டையாளரே. ஒருவர்கூடப் பந்து வீச்சாளர் இல்லை. இளம் வீச்சாளரின் முழங்கை எப்போது கைவிடும் என்று எவராலும் சொல்ல முடியாது, மட்டையாளர்மீது பணம் போடுவதில் ஆபத்து குறைவு என்ற கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கை நம்பும் அணி, மிகுதியாக விளைந்த மட்டையாளர்களை உரிய நேரத்தில் கொடுத்து வீச்சாளர்களை வாங்கவும் துணிய வேண்டும். 2024 பிப்ரவரியில் ஜோயி ஓர்ட்டிஸ், டி.எல். ஹால் இருவரையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுத்து மில்வாக்கியிலிருந்து கார்பின் பர்ன்ஸை அழைத்து வந்தது அப்படிப்பட்ட துணிவுதான். அவர் ஓர் ஆண்டு சிறப்பாக வீசிவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார். அதே 2024இல் கைல் பிராடிஷ், டைலர் வெல்ஸ், ஜான் மீன்ஸ் மூவரும் முழங்கை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானபோது, அந்த இடங்களை நிரப்பக் கீழே போதிய வீச்சாளர்கள் தயாராக இல்லை. தரவரிசைப் பட்டியல் ஒவ்வொரு வீரரையும் தனித்தனியே எடைபோடுகிறதே தவிர, அவர்கள் சேர்ந்தால் ஓர் அணி ஆகுமா என்பதைச் சொல்வதில்லை.

கேள்வி: இந்த வீரர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?
(வாசகி, நார்ஃபோக்)

பதில்: வீரர் சங்கத்துடன் 2023இல் ஏற்பட்ட முதல் ஒப்பந்தப்படி, அவ்வாண்டின் குறைந்தபட்ச ஊதியம் சிங்கிள் ஏ மட்டத்தில் 26,200 டாலர், டபுள் ஏ 30,250, ட்ரிபிள் ஏ 35,800. மேஜர் லீகில் அதே ஆண்டு குறைந்தபட்சம் 7,20,000 டாலர். முன்வரிசைத் தேர்வுகளுக்கு ஒப்பந்தத் தொகை தனி. ஹாலிடே பெற்றது 81.9 லட்சம் டாலர். அவருக்குப் பக்கத்து அலமாரியைப் பயன்படுத்துபவர் சில ஆயிரம் டாலருக்குக் கையெழுத்திட்டவராக இருக்கலாம்.

கேள்வி: டிசம்பரில் நடக்கும் 'ரூல் 5' தேர்வு என்பது என்ன?
(வாசகர், ராக்வில்)

பதில்: ஒரு நல்ல வீரரைக் கிளை அணியிலேயே ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து பருவங்களுக்குள்ளும், அதற்குப் பின் ஒப்பந்தமானவர் நான்கு பருவங்களுக்குள்ளும் மேஜர் லீக் அணிக்குரிய நாற்பது பேர் பட்டியலில் சேர்க்கப்படாவிட்டால், வேறு எந்த அணியும் ஒரு லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்று: அடுத்த பருவம் முழுவதும் அவரை மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதித் தொகைக்குப் பழைய அணியிடமே திரும்பத் தர முன்வர வேண்டும். 2016 டிசம்பரில் கிளீவ்லாந்திடமிருந்து ஓரியோல்ஸ் இப்படி எடுத்த அந்தோனி சான்டான்டேர் 2024இல் 44 ஹோம் ரன்கள் அடித்தார். மேலே சொன்ன டைலர் வெல்ஸும் இதே வழியில் மினசோட்டாவிடமிருந்து வந்தவரே. நவம்பரில் நாற்பது பேர் பட்டியலில் யார் சேர்க்கப்படுகிறார், யார் விடப்படுகிறார் என்பதைக் கவனித்தால், நிர்வாகம் தன் இளைஞர்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது புலப்படும். நேர்காணல்களில் அது கிடைக்காது.

கேள்வி: குடும்பத்தோடு நேரில் பார்க்க விரும்புகிறோம். எந்த மட்டத்து ஆட்டத்துக்குப் போகலாம்?
(வாசகி, லாரல்)

பதில்: டபுள் ஏ ஆட்டத்துக்குப் போங்கள். ட்ரிபிள் ஏ மட்டத்தில் மேலே இடம் காலியாகும் வரை காத்திருக்கும் முப்பது வயதுக்காரர்களும் கலந்திருப்பார்கள். டபுள் ஏ அணியில்தான் உண்மையான இளைஞர்கள் செறிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள் நடக்கும், திங்கள் விடுமுறை. குறிப்பிட்ட வீச்சாளரைப் பார்க்க வேண்டுமானால் அவர் சென்ற முறை எந்த நாளில் வீசினார் என்று பார்த்து, ஆறாவது நாளையொட்டிச் சீட்டு வாங்குங்கள். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருவது நல்லது. பந்து எப்படி வளைகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும், மேஜர் லீகில் அந்த இடத்துக்குக் கேட்கும் விலையும் இங்கே இராது.