யாரும் ஓட்டுப் போடாத நீதிபதி

கேள்வி: மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த அரசு ஒரு முடிவு எடுக்கிறது. யாரும் தேர்ந்தெடுக்காத இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து அதை ரத்து செய்கிறார்கள். இது என்ன ஜனநாயகம்? பல மதம், பல மொழி உள்ள நாட்டில் சின்னக் கூட்டம் பெரிய கூட்டத்தோடு கொஞ்சம் அனுசரித்துப் போனால் கோர்ட்டுக்கே வேலை இருக்காதே?

- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அனுசரித்துப் போகாத மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். கேரளத்தில் கிடங்கூர் என்ற ஊர். அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒரு பையனும் அவன் தங்கைகள் இருவரும் படித்தார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். காலை வணக்கக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது மற்றவர்களோடு மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். தங்கள் கடவுளை வேண்டும் பாட்டைத் தவிர வேறு எதையும் சடங்காகப் பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. இவர்களுக்கு முன் அதே பள்ளியில் படித்த அக்காமார்களும் அப்படித்தான் நின்றார்கள். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைச் சபையில் எழுப்பினார். விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றுதான் குழு சொன்னது. அப்படியும் ஜூலை 26-ஆம் தேதி, கல்வி அதிகாரியின் உத்தரவுப்படி தலைமையாசிரியை மூவரையும் வெளியே அனுப்பினார். அப்பா போய்க் கேட்டுப் பார்த்தார். தன் கையில் எதுவும் இல்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மக்கள் பிரதிநிதிகள் எடுத்த முடிவு என்கிறீர்கள். தேசிய கீதத்தைக் கட்டாயம் பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமன்றமும் சட்டம் போடவில்லை, நாடாளுமன்றமும் போடவில்லை. 1971-இல் வந்த சட்டம், மற்றவர்கள் பாடுவதைத் தடுத்தால், பாடும் கூட்டத்தில் இடைஞ்சல் செய்தால்தான் குற்றம் என்றது. பிள்ளைகள் இரண்டையும் செய்யவில்லை. அவர்களுக்கு எதிராக இருந்தவை கல்வித்துறையின் சுற்றறிக்கைகள், அவ்வளவுதான். கோர்ட்டுக்கு வரும் இப்படிப்பட்ட வழக்குகளில் நீங்கள் சொல்லும் 'மக்கள் முடிவு' பல நேரம் ஒரு இலாகாவின் காகிதம்தான்.

கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு தோற்றது. தேசிய கீதத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்து, இதில் எந்த மதத்தையும் புண்படுத்தும் சொல் இல்லையே என்றார்கள். நல்ல மனசோடுதான் பார்த்திருப்பார்கள். ஆனால் பார்த்த இடம் தவறு. அந்த நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை உண்மையாக நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம்.தத்தும் கொடுத்த தீர்ப்பு அது. அந்தப் பையனின் பெயரில் பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், தடையில்லாமல் படிக்க விடுங்கள் என்பது உத்தரவு. ஆளே தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு சிறுபான்மைக்கும் அரசியல் சட்டத்தில் இடம் கிடைக்கிறதா என்பதில்தான் ஜனநாயகத்தின் உரைகல் இருக்கிறது என்று எழுதினார் சின்னப்ப ரெட்டி.

அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை ஓட்டு இருந்தது? ஓட்டுப் போடும் வயதே வரவில்லை. அவர்கள் சபை மொத்தமும் சேர்ந்தாலும் ஒரு தொகுதியில்கூட முடிவை மாற்ற முடியாது. சட்டமன்றத்தில் அவர்களுக்காக எழுந்து பேசி யாருக்கும் லாபம் கிடையாது. தேர்தலைப் பார்த்துப் பயப்பட வேண்டாத ஒருவர்தான் அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியும். நீதிபதியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று குறையாகச் சொன்னீர்கள். அப்படி வைத்ததற்குக் காரணமே இதுதான்.

சரி, கோர்ட் எப்போதும் இப்படி நடந்துகொண்டதா? இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு செல்லுமா என்ற வழக்கில் 2013 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்படுகிறவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதி, 150 வருடத்தில் 200 பேர்கூட வழக்கைச் சந்திக்கவில்லை என்று, அந்தப் பிரிவு செல்லும் என்பதற்கு அதையும் ஒரு காரணமாக எழுதியது. அதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. தலையை எண்ணத் தேர்தல் கமிஷன் இருக்கிறது. கோர்ட்டும் தலையை எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கை இல்லாதவன் யாரிடம் போவான்? அந்தத் தவறைத் திருத்த 2018 செப்டம்பர் வரை, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவே கழிந்த அந்த ஐந்து வருடத்தை யாரும் யாருக்கும் திருப்பித் தர முடியாது.

அப்புறம், கோர்ட்டுக்கு வேலையே இல்லாமல் போகட்டும் என்கிறீர்களே, அதற்குக் கடல் தாண்டி ஒரு உதாரணம் இருக்கிறது. நம் மொழி சம்பந்தப்பட்டது. 1956-இல் இலங்கைப் பாராளுமன்றம் பெரும்பான்மை வாக்கோடு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. பிறகு, சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாத அரசு ஊழியருக்குச் சம்பள ஏற்றம் கிடையாது என்று திறைசேரியிலிருந்து (அரசின் நிதித்துறை) சுற்றறிக்கை வந்தது. இங்கேயும் ஒரு சுற்றறிக்கை! கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் (அரசு அலுவலகக் கிளார்க்) அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. 1962-இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். நீங்கள் சொல்வதுபோல அவரும் அனுசரித்துப் போயிருக்கலாம். புத்தகத்தை வாங்கிப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கலாம். அவர் வழக்குப் போட்டார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாரத்தை ஏற்றும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு சொன்னது. அதைத்தான் அவர் பற்றிக்கொண்டார்.

1964-இல் மாவட்ட நீதிமன்றம், ஆட்சிமொழிச் சட்டம் செல்லாது என்று அவர் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 1967-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்கே போட முடியாது என்று வழக்கைத் தள்ளியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. 1969 டிசம்பரில் அன்று இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, அந்தப் பெரிய கேள்வியை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்பியது. அதற்குள் காலம் ஓடிவிட்டது. 1971-இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியை மூடினார்கள். 1972-இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அதில் சிங்களம் அரசியலமைப்புக்குள்ளேயே ஏறிவிட்டது, 29-ஆவது பிரிவு காணாமல் போனது.

அந்தச் சட்டம் செல்லுமா, செல்லாதா என்று இலங்கையின் எந்த மேல் நீதிமன்றமும் கோடீஸ்வரனுக்குக் கடைசிவரை பதில் சொல்லவே இல்லை.