ரோமாபுரி நாவல்கள்: எதை எடுக்கறது, எதை தள்ளி வைக்கறது

ரோம் சரித்திர நாவல் பத்தி கேக்கணும்னா மொத்தமா கேளுங்கன்னு சொன்னேன், குவிஞ்சிருச்சு. என் ஏரியா குடியரசோட கடைசி நூறு வருஷம், அப்புறம் ஹேட்ரியன் வரைக்கும். கிரேக்கம், எகிப்து கேட்டவங்க மன்னிச்சிருங்க. எச்சரிக்கை ஒண்ணே ஒண்ணு, அதை திரும்ப திரும்ப சொல்லுவேன்: எழுதினவங்க யார் கட்சின்னு பாக்காம ரோம் நாவலை நம்பாதீங்க. அங்க எல்லாருமே யாராவது ஒருத்தர் கட்சி.

புத்தகப்பூச்சி: ரோம் பத்தி ஒண்ணுமே தெரியாது, சீசரை குத்திக் கொன்னாங்கன்னு மட்டும் தெரியும். எங்க ஆரம்பிக்கலாம்?

துப்பறியும் கதையில ஆரம்பிங்க. சீரியஸாதான் சொல்றேன். நேரா பேரரசர் கதைக்குப் போனா ஒரே குடும்பத்துல ஒரே பேர்ல நாலு பேர் வருவாங்க, அப்பா யாரு புள்ள யாருன்னு குழம்பி பாதியில மூடி வெச்சிருவீங்க. லிண்ட்சே டேவிஸோட 'தி சில்வர் பிக்ஸ்' (1989) எடுங்க. கி.பி. 70, வெஸ்பேசியன் அப்பதான் ஆட்சிக்கு வந்திருக்காரு, ஹீரோ ஃபால்கோ ரோம்ல அவென்டைன் குன்று பக்கம் ஒரு லாண்டரிக்கு மேல ஆறாவது மாடியில குடியிருக்கற துப்பறியற ஆளு, வாடகை பாக்கி, அம்மாகிட்ட திட்டு, இதுக்கு நடுவுல பிரிட்டன் சுரங்கத்துல இருந்து கள்ளத்தனமா வர்ற வெள்ளிப் பாள கேஸ் ஒண்ணு வந்து மாட்டுது. ஏன் ஆறாவது மாடின்னா, ரோம்ல மேல போகப் போக வாடகை கம்மி. தண்ணி கீழ இருந்து தூக்கணும், தீ புடிச்சா இறங்கி ஓட வழி இருக்காது, அதனால மேல் மாடியெல்லாம் ஏழைங்களுக்குத்தான். இந்த மாதிரி விஷயமெல்லாம் பாடம் எடுக்காம கதையோடயே உள்ள இறங்கிரும். ஃபால்கோ மொத்தம் 20 நாவல், வரிசையா படிங்க, ஏன்னா ஹெலனாவோட அவன் காதல் புக்குக்கு புக்கு வளந்துட்டே போகும்.

காமெடி வேணாம், கொஞ்சம் இருட்டா வேணும்னா ஸ்டீவன் செய்லரோட 'ரோமன் பிளட்' (1991). சிசரோ 26 வயசு சின்னப் பையனா கி.மு. 80ல நிஜமாவே வாதாடின கொலை கேஸ்தான் கதை. அப்பாவைக் கொன்னதா மகன் மேல பழி. குற்றம் ருசுவானா நாய், சேவல், பாம்பு, குரங்கோட சேத்து ஒரே சாக்குல போட்டு தைச்சு தண்ணியில தள்ளுவாங்க. சிசரோ அந்த கேஸ்ல பேசின பேச்சு இன்னைக்கும் இருக்கு, நாவலை முடிச்சிட்டு அதையும் பாருங்க.

நைட்ஷிஃப்ட் ராஜா: பிடிஎஃப் இருக்குமா ப்ரோ?

காப்பிரைட் இருக்கற புக்குக்கு என்கிட்ட கேக்காதீங்க ப்ரோ. ஓசியில நேர்மையா படிக்கணும்னா ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ல 'பென்-ஹர்' (1880), போலந்துக்காரர் சென்கியேவிச்சோட 'குவோ வாடிஸ்' (1896) ரெண்டும் கிடைக்கும். ரெண்டாவதுதான் பெட்டர். நீரோ, கி.பி. 64 தீ விபத்து, கிறிஸ்தவங்க பட்ட பாடு, எல்லாம் இருக்கு. கிறிஸ்தவப் பார்வையில எழுதினது, அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

மாம்பலம் மாமி: 'ஐ, கிளாடியஸ்' நிஜமாவே அவ்ளோ நல்லா இருக்குமா?

இருக்கும் மாமி. ராபர்ட் கிரேவ்ஸ் 1934ல எழுதினது, சீக்கிரமே ரெண்டாம் பாகமும் வந்துருச்சு. திக்குவாய், நடையில நொண்டல், குடும்பமே முட்டாள்னு ஒதுக்கின ஒருத்தன் ஓரமா உக்காந்து எல்லாரையும் பாத்துட்டு, கடைசியில கி.பி. 41ல கலிகுலா செத்ததும் தானே பேரரசர் ஆயிடறான். அவனே சொல்ற சுயசரிதை மாதிரி ஓடும். ஒண்ணு மட்டும், அதுல வர்ற லிவியா பாட்டி எல்லாருக்கும் விஷம் வெப்பா. பழைய சரித்திரக்காரங்க வம்பா கோடி காட்டினதை கிரேவ்ஸ் மொத்தமா உண்மைன்னு எடுத்துக்கிட்டார், இன்னைக்கு வரலாற்று ஆளுங்க அதை பெருசா நம்பறதில்ல. பாட்டி மேல கேஸ் போடாம படிங்க.

சிவகாசி சிங்கம்: மெக்கல்லோ சீரிஸ் ஏழும் படிக்கணுமா?

முதல் மூணு கட்டாயம். 'தி ஃபர்ஸ்ட் மேன் இன் ரோம்' (1990) கி.மு. 110ல மேரியஸ், சல்லாங்கற ரெண்டு தளபதிங்க கதையில தொடங்குது, எல்லாம் தலகாணி சைஸ், பின்னாடி இருக்கற அருஞ்சொல் அகராதியே தனி புக் மாதிரி. நாலாவதுல இருந்து எழுதின அம்மாவுக்கு சீசர் மேல காதல் முத்திப்போச்சு. அது கீழ வர்ற சண்டையில தெரியும்.

பிரியா மணிமாறன் ஃபேன்: பிடிஎஃப் லிங்க் ப்ளீஸ்

மேல பாருங்க.

கோவை வக்கீல்: ராபர்ட் ஹாரிஸோட சிசரோ மூணு பாகமும் முடிச்சேன். கேட்டிலைன் சதியை சிசரோ முறியடிச்சதுதான் அவரோட பெரிய சாதனை, நாட்டையே காப்பாத்தினார். ஆனா மெக்கல்லோ அவரை பயந்தாங்கொள்ளியா, தற்பெருமைக்காரரா காட்டறாங்க. இது சரித்திரத்துக்கே துரோகம் இல்லையா?

வக்கீல் சார், இதுக்குத்தான் காத்திருந்தேன்.

முதல்ல தெரியாதவங்களுக்கு. கி.மு. 63, சிசரோ கான்சல், அதாவது அந்த வருஷத்து தலைமை ஆட்சியாளர்ல ஒருத்தர். தேர்தல்ல தோத்த கேட்டிலைன்ங்கற பிரபு கடன்காரங்களையும் நிலம் போனவங்களையும் சேத்துக்கிட்டு ஆட்சியைக் கவுக்கப் பாத்தான்னு குற்றச்சாட்டு. அவன் ஊரை விட்டுப் போயிட்டான், ஊருக்குள்ள இருந்த அவனோட ஆளுங்க அஞ்சு பேர் கடிதத்தோட மாட்டினாங்க. டிசம்பர் 5ம் தேதி செனட் கூடி என்ன தண்டனைன்னு விவாதம். கொல்லாதீங்க, சொத்தைப் பறிச்சு இத்தாலி ஊர்கள்ல ஆளுக்கொரு இடமா சிறை வைங்கன்னார் சீசர். கொன்னே ஆகணும்னார் இன்னொரு செனட்டர் கேட்டோ. செனட் கேட்டோ பக்கம் சாஞ்சிருச்சு. அன்னைக்கு சாயங்காலமே விசாரணை இல்லாம அஞ்சு பேரையும் கழுத்தை நெரிச்சுட்டாங்க.

இப்ப நாவலுக்கு வாங்க. இதே சம்பவத்தை மூணு பேர் எழுதியிருக்காங்க. ஹாரிஸோட 'லஸ்ட்ரம்' (2009) சிசரோவோட அடிமையும் செகரட்டரியுமான டைரோ சொல்றது, டைரோ எஜமானோட வாழ்க்கையை நிஜமாவே எழுதினான், அது அழிஞ்சு போச்சு, அந்த ஓட்டையிலதான் ஹாரிஸ் நாவலை நுழைக்கறார். அதனால அங்க சீசர் பின்னாடி நின்னு கயிறு இழுக்கற வில்லன். மெக்கல்லோவோட 'சீசர்ஸ் விமன்' (1996) அப்படியே தலைகீழ், சட்டத்துக்காக நிக்கற ஒரே ஆம்பளை சீசர், சிசரோ புகழுக்கு அலையறவர். செய்லரோட 'கேட்டிலினாஸ் ரிடில்' (1993) இன்னும் குறும்பு, கேட்டிலைன் 'ரோமன் பிளட்'ல வர்ற அதே துப்பறிவாளனோட பண்ணை வீட்டுக்கு விருந்தாளியா வந்து பேசறான், கேக்கக் கேக்க நமக்கே அவனை பிடிச்சுப் போயிடும்.

இதுல எது துரோகம்? மூலமே கட்சி கட்டி எழுதினதுதானே சார். நம்மகிட்ட பெருசா இருக்கறது ரெண்டு. ஒண்ணு சிசரோவோட நாலு பேச்சு, அதை அவரே மூணு வருஷம் கழிச்சு தொகுத்து வெளிய விட்டார். இன்னொண்ணு சல்லஸ்ட்ங்கற சரித்திரக்காரர் எழுதினது, அவர் சீசரோட ஆளு. கேட்டிலைன் கட்சியில இருந்து ஒருத்தரும் எழுதி வைக்கல, உயிரோட இருந்தாத்தானே.

கோவை வக்கீல்: செனட் அவசரநிலைத் தீர்மானம் போட்டிருந்தது. எதிரின்னு ஆனவனுக்கு குடிமகன் உரிமை கிடையாது. தண்டனை செல்லும்.

செனட் போட்டது ஆலோசனைத் தீர்மானம், சட்டம் இல்ல. கான்சலுக்கு அது பலம் தரும், ஆனா கையில ஆயுதம் இல்லாம அரெஸ்ட் ஆகி காவல்ல இருக்கறவனை கொல்லலாமாங்கறதுதான் கேள்வியே. மக்கள் தீர்ப்பு இல்லாம ரோமக் குடிமகனை கொல்லக்கூடாதுன்னு கி.மு. 123ல கையஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டம் இருக்கு. அஞ்சு பேர்ல லென்டுலஸ் பதவியில இருந்த பிரீட்டர் (கான்சலுக்கு அடுத்த பதவி), அவனை அதுக்காகவே ராஜினாமா பண்ண வெச்சாங்க, அப்ப சிசரோவுக்கே உள்ளுக்குள்ள உதைச்சிருக்குன்னுதானே அர்த்தம்? கி.மு. 58ல சிசரோவோட எதிரி குளோடியஸ் இதையே பிடிச்சு சட்டம் போட்டான், சிசரோ நாடு கடந்து போனார், அடுத்த வருஷம்தான் திரும்பினார்.

ராணி அக்கா: அப்படிப் போடுங்க. சீசர்தான் அன்னைக்கு ஒரே நியாயஸ்தர்.

அக்கா, நீங்க இந்தப் பக்கம் சாயாதீங்க. அதே சீசர் பத்து வருஷத்துக்குள்ள கால் நாட்டுல (இன்னைய பிரான்ஸ் பக்கம்) பண்ணினதுக்கு எந்தச் சட்டம் இருந்துச்சு? செனட்டே கேக்காத போர் அது. மெக்கல்லோவைப் படிச்சிட்டு வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் சீசர் ரசிகர் மன்றம் ஆயிடறாங்க. அதேசமயம் சிசரோ தற்பெருமைக்காரர்ங்கறது மெக்கல்லோ கட்டின கதை இல்ல வக்கீல் சார், தன்னோட கான்சல் வருஷத்தைப் பத்தி தானே ஒரு காவியம் எழுதின மனுஷன், நையாண்டிக் கவிஞன் ஜூவனல் வரைக்கும் அதைக் கிண்டல் பண்ணியிருக்கான்.

டெல்டா தம்பி: கான் இகல்டன் 'எம்பரர்' எப்படி அண்ணா? சீசரும் புரூட்டஸும் சின்ன வயசு ஃப்ரெண்ட்ஸாமே?

நிஜத்துல புரூட்டஸ் சீசரை விட 15 வயசு சின்னவன் தம்பி. சண்டைக்காக படி, சூப்பரா இருக்கும், வரலாறுன்னு எங்கயும் போய் சொல்லிராத. எங்கெங்க மாத்தினேன்னு அவரே பின்குறிப்புல சொல்லியிருக்காரு. அதை முதல்ல படி.

அம்மாவும் பையனும்: 12 வயசுப் பையனுக்கு எது கொடுக்கலாம்?

ரோஸ்மேரி சட்க்ளிஃப், 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' (1954). பிரிட்டன்ல காணாமப் போன ஒன்பதாவது லீஜனோட (ரோமப் படைப்பிரிவு) கழுகுச் சின்னத்தைத் தேடி ஒரு மகன் போறான். சில்செஸ்டர்ல 1866ல தோண்டி எடுத்த வெண்கலக் கழுகுதான் இந்தக் கதைக்கு விதை. அது லீஜன் கழுகே இல்ல, ஏதோ சிலையோட துண்டுங்கறாங்க இப்ப, பையன்கிட்ட கதை முடிஞ்சப்புறம் சொல்லுங்க.

சேலம் சேகர்: சீசர் பத்தி பெஸ்ட் நாவல்? பிடிஎஃப் இருந்தா நல்லது.

மேல பாருங்க. ரெண்டுக்கும்.

கீழடி காதலன்: முசிறிக்கு வந்த ரோமானியர் பத்தி நாவல்?

வியாபாரம் அமோகமா நடந்துச்சு. இந்தியா வருஷத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் (ரோமக் காசு) உறிஞ்சுதுன்னு ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்காரு, முசிறி கடன் ஒப்பந்தமும் ஹெர்மபோலன்ங்கற கப்பலோட சரக்குக் கணக்கும் இருக்கற பாப்பிரஸ் ஒண்ணு வியன்னாவுல இருக்கு. சாண்டில்யனோட 'யவன ராணி'யை எல்லாரும் சொல்லுவாங்க, ஜாலியா படிங்க, ஆனா அது கரிகாலன் காலத்து பூம்புகார் கதை. என் லிஸ்ட்ல வராது.

மழைக்காலம்: சண்டை, சதி வேணாம். அமைதியா ஒண்ணு?

மார்கரீத் யூர்செனாரோட 'மெம்வார்ஸ் ஆஃப் ஹேட்ரியன்', 1951ல பிரெஞ்சுல வந்தது. சாகப்போற ஹேட்ரியன் பிற்பாடு பேரரசர் ஆகப்போற சின்னப் பையன் மார்கஸ் அரேலியஸுக்கு எழுதற கடிதம், அவ்ளோதான். கி.பி. 130ல அவரோட காதலன் அன்டினோவஸ் நைல் நதியில மூழ்கிச் சாகற பகுதியை அவசரமா தாண்டாதீங்க. நான் அடிக்கடி எடுக்கற ரோம் நாவல் இதுதான், பஸ்ல படிக்க மட்டும் ஆகாது.

ராணி அக்கா: சரிப்பா, கேட்டிலைன் மூணையும் படிச்சிடறேன். எந்த வரிசையில?

செய்லர் முதல்ல, அப்பதான் கேட்டிலைன் ஆளா கண்ணுக்குத் தெரிவான். அடுத்து ஹாரிஸ். மெக்கல்லோ கடைசி, உங்களுக்கு சீசர் மேல ஏற்கெனவே மயக்கம் இருக்கறதால. மூணும் முடிச்சிட்டு சல்லஸ்ட் எடுங்க, சின்ன புக்தான், ரெண்டு மூணு நாள்ல முடியும். சீசர் பேச்சையும் கேட்டோ பேச்சையும் அடுத்தடுத்து வெச்சிருப்பார். கடைசிச் சண்டையில செத்த கேட்டிலைனோட உடம்பு தன் ஆளுங்களை விட்டு ரொம்ப தூரம் முன்னாடி, எதிரி பிணங்களுக்கு நடுவுல கிடந்துச்சுன்னு எழுதற அளவுக்கு எதிரிக்கும் மரியாதை கொடுத்திருப்பார். வக்கீல் சாரும் அதைப் படிச்சிட்டு வரட்டும், மறுபடி வாதாடலாம்.