சீனப் பொக்லைன் வாங்கலாமா? கடலோர வாசகர் கேள்விகள்

கே: 20 டன் பொக்லைன் எடுக்க நினைக்கிறேன். சீனக் கம்பெனி வண்டி விலை குறைவாக இருக்கிறது. நம்பலாமா? (சாயல்குடி)

ப: கம்பெனிப் பெயரை விடுங்கள். இன்ஜின், மெயின் பம்ப், கன்ட்ரோல் வால்வு, ஸ்விங் மோட்டார் (வண்டியின் மேல்பாகத்தைச் சுற்றும் மோட்டார்) இந்த நான்கும் யார் தயாரிப்பு என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். சீனக் கம்பெனிகளில் சானிக்குப் புனே அருகே சாக்கனிலும், லியுகாங்குக்கு மத்தியப் பிரதேசம் பீதம்பூரிலும் தொழிற்சாலை இருக்கிறது. லியுகாங் வண்டிகள் பலவற்றில் கம்மின்ஸ் இன்ஜின்தான். இன்ஜினும் பம்பும் கேள்விப்படாத பெயராக இருந்தால், மிச்சம் பிடித்த பணம் ஒரே ஒரு பம்ப் வேலையில் போய்விடும்.

பழைய வண்டி என்றால் ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டரை (ஆயில் டேங்குக்குத் திரும்பும் வழியில் உள்ள வடிகட்டி) அறுத்து, தாளை விரித்துப் பாருங்கள். பித்தளைத் தூள் மின்னினால் பம்ப் அல்லது மோட்டார் தேய்கிறது. கறுப்பு ரப்பர் துணுக்கு கிடந்தால் சீல் தேய்கிறது. இரும்புச் செதில் கிடந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கே: வாலிநோக்கம் உப்பளத்தில் ஓடும் வண்டியில் வயரிங் அடிக்கடி போகிறது. சீன வண்டி என்பதாலா?

ப: உப்புக்கு எல்லா நாட்டு வண்டியும் ஒன்றுதான். ஆனால் கனெக்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் மட்டமாக இருந்தால் சீக்கிரம் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கனெக்டராகத் திறங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு டை-எலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) வையுங்கள். பச்சையின் மேலேயே கிரீஸ் பூசினால் அரிப்பு உள்ளே தொடரும். நம் பக்கத்து போர் தண்ணீரே உப்பு. அதில் வண்டி கழுவிப் பலன் பாதிதான். நாள்கணக்கில் நிறுத்தும்போது சிலிண்டர் ராடு வெளியே தெரியும் இடத்தில் கிரீஸ் தடவுங்கள். எடுக்கும்போது துடைக்க மறந்தால், ஒட்டிய மணல் சீலைக் கிழித்துவிடும்.

கே: வண்டி பழுதானால் 24 மணி நேரத்தில் ஆள் வரும் என்கிறார் டீலர். நம்பலாமா? (தொண்டி)

ப: ஆள் வருவார், ஸ்பேர் வருமா? விற்பனை ஆளிடம் கேட்காமல் ஸ்பேர் கவுன்டருக்கே போன் போடுங்கள். பக்கெட் சிலிண்டர் சீல் கிட், ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கியர்) சீல், பம்ப் சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு), ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) நான்கும் எந்த ஊர் குடோனில் இருக்கின்றன என்று கேளுங்கள். ஹோஸுக்குக் கவலை வேண்டாம், மதுரையில் அளவு கொடுத்தால் அடித்துத் தருவார்கள்.

கே: வண்டியில் சிம் இருக்கிறதாம். சீனாவிலிருந்தே நிறுத்த முடியுமா? (உச்சிப்புளி)

ப: தூரத்திலிருந்து பூட்டும் வசதி இருக்கும் வண்டியை, சர்வரைக் கையில் வைத்திருப்பவர் பூட்ட முடியும். இது சீனாவுக்கு மட்டும் உரியதல்ல. 2022-ல் உக்ரைனின் மெலிட்டோபோலில் திருடப்பட்ட, அமெரிக்கக் கம்பெனியான ஜான் டீரின் விவசாய வண்டிகளும் அப்படித்தான் முடக்கப்பட்டன. சிம் இருக்கும் பெட்டி, வண்டி நிற்கும் இடம், ஓடிய மணி, டீசல் எல்லாவற்றையும் அனுப்பும். சீனாவின் இசட்.பி.எம்.சி. துறைமுகக் கிரேன்கள் சிலவற்றில் ஒப்பந்தத்தில் இல்லாத மோடம்கள் இருந்ததாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2024-ல் சொன்னது.

சிம் யார் பெயரில், சர்வர் எந்த நாட்டில், பூட்டும் அதிகாரம் யாருக்கு என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒயரை நீங்களாக வெட்டாதீர்கள். சில வண்டிகளில் பிழை காட்டி இழுவை குறையும், வாரன்டியும் போகும். உங்கள் ஊரில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம் இருக்கிறது. அதற்குள்ளோ அருகிலோ வேலை என்றால், வண்டியில் சிம் இருப்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கே: கண்மாய் தூர் வாரும் டெண்டரில் சீன வண்டி இருந்தால் தள்ளிவிடுவார்களா?

ப: மத்திய அரசின் 2020 ஜூலை பொது நிதி விதித் திருத்தம், சீனா போல இந்தியாவுடன் நில எல்லை கொண்ட நாடுகளின் டெண்டர்தாரர்கள் முதலில் பதிவு செய்ய வேண்டும் என்றது; உங்கள் வண்டி எங்கே செய்தது என்பதைப் பற்றியது அல்ல. டெண்டரின் தனி நிபந்தனைகளை மட்டும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.