பரிந்துரைக் கடிதத்தை யார் எழுதுவார்?

எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று யோசனை கேட்டு, மகளுடன் ஒரு பெற்றோர் என்னிடம் வந்தார்கள். உயிர்வேதியியல் படித்து பிஎச்.டி. வரை போக வேண்டும் என்பது மகளின் ஆசை. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஊரறிந்த பெரிய பெயர், செலவில் பாதிக்கு மேல் கடன் வாங்க வேண்டும். இன்னொன்று சின்னக் கல்லூரி, முழு உதவித்தொகை. "சின்னக் காலேஜில் படித்தால் மேற்படிப்புக்கு யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று இவள் பெரியப்பா கேட்கிறார்" என்றார் அம்மா. பெண் வாயே திறக்கவில்லை.

'கவலைப்படாதீர்கள்' என்றுதான் ஆரம்பித்தேன். அது போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

பெரியப்பா சொல்வது முழுப் பொய்யல்ல. பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உச்சியில் இருக்கும் 1 சதவீத வருமானக்காரர்களில் ஒருவராவதற்கும் பேர்போன இடங்களில் மேற்படிப்பு கிடைப்பதற்கும் பெரிய பெயர் உதவுகிறது என்று கண்டார்கள். ஆனால் சராசரி வருமானம் பெரிதாக மாறவில்லை. டேல், குரூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடம் போனவர்கள் பின்னாளில் சம்பாத்தியத்தில் பின்தங்கவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பெயர் கைகொடுத்தது. அப்படிப்பட்ட குடும்பம் வந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். இந்த வீடு அப்படியல்ல; அம்மா, அப்பா இருவருமே பட்டதாரிகள்.

அறிவியல் பிஎச்.டி. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள். இந்தப் பெண் ஆய்வகத்தில் தாக்குப்பிடிப்பாளா என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் பரிந்துரைக் கடிதங்களில் இருக்கிறது. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் பாடம் நடத்தியவர் 'நல்ல மதிப்பெண் வாங்கினாள்' என்று எழுதலாம், அவ்வளவுதான். ஆய்வு மாணவர்களே இல்லாத சின்னக் கல்லூரியில், ஆசிரியரின் ஆய்வுக்குக் கை கொடுப்பது இளங்கலைப் பிள்ளைகள்தான். முதல் வருஷம் கரைசல் கலக்குவது, கருவி கழுவுவது. இரண்டாம் வருஷக் கோடையில் முழுநேர வேலை. சோதனை நாலு தடவை சொதப்பும். ஏன் சொதப்பியது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்து ஐந்தாவது தடவை சரிசெய்வாள். கடைசி வருஷம் அதையே ஆய்வேடாக எழுதுவாள். இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்தின் எடையே வேறு. 2020-இல் வேதியியல் நோபல் பெற்ற ஜெனிஃபர் டவுட்னா இளங்கலை படித்தது பொமோனா என்ற சின்னக் கல்லூரியில். அங்கிருந்து ஹார்வர்டில் பிஎச்.டி. அதன்பின் அவர் ஆய்வு செய்தது தாமஸ் செக்கிடம். அவரும் கிரின்னெல் என்ற சின்னக் கல்லூரியில் படித்து நோபல் வாங்கியவர்தான்.

சின்னக் கல்லூரி எல்லாமே இப்படி இருக்காது. அங்கே ஆய்வு நடக்கிறதா, மாணவர் பெயரோடு கட்டுரைகள் வந்திருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கடன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிஎச்.டி. காலத்தில் கையில் வருவது உதவித்தொகை மட்டும், அதுவும் ஐந்தாறு வருஷம் இழுக்கலாம். தலையில் இளங்கலைக் கடன் இருந்தால் பாதியிலேயே வேலைக்கு ஓடத் தோன்றும். அப்போது தவணை கட்டப் பெரியப்பா வரமாட்டார்.

அப்புறம் பெண்ணிடம் கேட்டேன், "உனக்கு எது பிடித்திருக்கிறது?" அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார், கையமர்த்தினேன்.

"முதல் வருஷமே லேபுக்குள் விடுவார்களா சார்?" என்றாள்.

அந்தச் சின்னக் கல்லூரி ஆசிரியர்கள் இருவரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவர்களுக்கே எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.